நிறுவனங்களிடையே போட்டி இருந்தால் போதாதா? இணைய நடுநிலைமைக்குச் சட்டம் எதற்கு?

இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லாத் தரவையும் பாகுபாடின்றிக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இணைய நடுநிலைமை. ஒரு நிறுவனம் அதை மீறினால் வாடிக்கையாளர் வேறொன்றுக்கு மாறிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாதம் தடுமாறும் இடத்தை அமெரிக்க அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

2007இல் அங்கே இணைய இணைப்பு தரும் காம்காஸ்ட் நிறுவனம், பயனர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கோப்புகளைப் பரிமாற உதவும் பிட்டொரென்ட் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்தவர்களின் இணைப்புகளில், எதிர்முனைக் கணினியே தொடர்பைத் துண்டிப்பதுபோல் போலியான தரவுப் பொட்டலங்களைச் செருகியது. ஒரு வலைப்பின்னல் பொறியாளரும், பின்னர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் சோதித்துப் பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது. தடை நடப்பதே தெரியாதபோது ஒருவர் எதைக் காரணமாக வைத்து நிறுவனத்தை மாற்றுவார்? மாற நினைத்தாலும், அங்கே பல ஊர்களில் வேகமான கம்பிவழி இணைப்பைத் தரும் நிறுவனம் ஒன்றோ இரண்டோதான்.

அமெரிக்காவின் தகவல்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2008இல் காம்காஸ்டைக் கண்டித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2010இல் நீதிமன்றம் கூறியது. அந்த அதிகாரத்தைப் பெறுவதற்காக, இணைய இணைப்பைத் தொலைபேசியைப் போன்ற பொதுச் சேவையாக ஆணையம் 2015இல் வகைப்படுத்தியது, 2017இல் அதை நீக்கியது, 2024இல் மீட்டது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் விதி மாறுவது பயனருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

நெரிசலைச் சீர்செய்ய நிறுவனங்களுக்கு உரிமை வேண்டும் என்பது நியாயமான வாதம். 2015 விதிகளும் அதை அனுமதித்தன. ஆனால், அதற்குக் குறிப்பிட்ட செயலியைத் தடுக்க வேண்டியதில்லை: 2008இன் இறுதியில் காம்காஸ்டே, எந்தச் செயலி என்று பாராமல், நெரிசலின்போது மிக அதிகமாகப் பயன்படுத்துவோருக்கு மட்டும் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் குறைக்கும் முறைக்கு மாறிக்கொண்டது.