நெல்லூரில் ப்ளஸ் டூ படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடைக்குமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். மகன் பத்தாவது வரை தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். ஐஐடி, என்ஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ கோச்சிங்குக்காக ஆந்திராவின் நெல்லூரில் ஜூனியர் காலேஜில் சேர்த்தோம். இப்போது இன்டர்மீடியட் (அங்கே ப்ளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) முடித்துவிட்டான். திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டு ஒதுக்கீடு அவனுக்கு உண்டா? அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் என்ன செய்ய வேண்டும்? மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள், இப்போது பத்தாவது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளையும் நெல்லூருக்கு அனுப்பலாமா?

பதில்: கஷ்டமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி என்ஐடியின் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் உங்கள் மகனுக்கு இடம் கிடையாது. என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு, பாதி வெளிமாநிலத்துக்கு என்பது சரிதான். ஆனால் அங்கே சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரையோ ரேஷன் கார்டையோ வைத்து வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முதன்முதலில் எந்த மாநிலத்தில் பாஸ் செய்தாரோ, அதுதான் மாணவரின் மாநிலம். உங்கள் மகனுக்கு அது ஆந்திரா. அடுத்த வருடம் சென்னையில் மறுபடி ப்ளஸ் டூ எழுதினாலும் இது மாறாது. தாடேபள்ளிகூடெத்தில் உள்ள ஆந்திர என்ஐடியில் அவன் உள்மாநில மாணவன்; திருச்சியில் வெளிமாநில மாணவன். திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரிப் பிரிவுகளில் வெளிமாநில இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். தமிழ்நாட்டு இடங்கள் இன்னும் பின்தங்கிய ரேங்க் வரை போகும். ஐஐடி, என்ஐடி இடங்களுக்குக் கலந்தாய்வு நடத்தும் ஜோசாவின் இணையதளத்தில் போன வருடத்துக் கடைசி ரேங்குகள் இருக்கின்றன, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஐடிகளில் மாநில ஒதுக்கீடே இல்லை என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழாது.

சரி, ஆந்திர மாணவன் என்றால் அங்குள்ள மாநிலக் கல்லூரிகளிலாவது உள்ளூர் சலுகை கிடைக்குமா? அதுவும் கஷ்டம்தான். அரசியலமைப்பின் 371டி பிரிவின்கீழ் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி, அங்கே உள்ளூர் மாணவர் ஆக, தகுதித் தேர்வோடு (இங்கே இன்டர்மீடியட்) முடியும்படி தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் படித்தது இரண்டு வருடம். கோச்சிங் சேர்க்கை நேரத்தில் பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் அளவுகோல் மாறுவதற்குக் காரணம் உண்டு. பிறந்த இடத்தை மட்டும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. ஆனால் வசிக்கும் இடம் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை என்று 1955இலேயே உச்ச நீதிமன்றம் டி.பி. ஜோஷி வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் ஒவ்வொரு அரசும் தனக்கென ஒரு விதி வைத்துக்கொள்கிறது.

அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு என்று நீங்கள் சொல்லும் பொறியியல் கலந்தாய்வை 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் நடத்துகிறது; அதைப் பொறுத்தவரை நல்ல செய்தி. எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுதும் தமிழ்நாட்டில் படித்தவருக்கு நேட்டிவிட்டி, அதாவது பிறப்பிடச் சான்றிதழ், தேவையில்லை. இடையில் ஒரு வகுப்பு வெளியே படித்தாலும் அது வேண்டும். உங்கள் மகன் அதைக் கொடுத்தால் போதும், சாதி ஒதுக்கீடு உட்பட எல்லாம் மற்றத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் போலத்தான். இன்டர்மீடியட் மதிப்பெண்ணையும் நம் மாநில வாரிய மதிப்பெண்ணோடு சமன்செய்துதான் கட் ஆஃப் போடுவார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது பிறப்பிடச் சான்றிதழ் என்றே கேளுங்கள். பலர் பிறப்புச் சான்றிதழையோ இருப்பிடச் சான்றையோ கொண்டுவந்து பதிவேற்றிவிட்டு, சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிட்டல் கையெழுத்துடன் வரும் சான்றுதான் செல்லும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்து வர நாளாகும், ஆகவே இன்றே விண்ணப்பியுங்கள்.

இப்போது உங்கள் மகள். தயவுசெய்து அவளை அனுப்பாதீர்கள். ஸ்டான்லியில் 250 எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம், அதாவது 37 இடம் போல, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி மாநிலத்துக்கு. அதற்குள் 7.5 சதவீதம், ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான உள் ஒதுக்கீடு, 2020இல் சட்டமானது. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும், அரசு உதவிபெறும் பள்ளி சேராது. நீட் கட்டாயம்தான், ஆனால் இந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள்தான் போட்டி போடுகிறார்கள். பொதுப் பட்டியலில் கனவிலும் கிடைக்காத மதிப்பெண்ணுக்கு அங்கே சீட் கிடைப்பதை வருடாவருடம் பார்க்கிறேன். உங்கள் மகள் ஐந்து வருடம் சம்பாதித்துவிட்டாள், பாக்கி இரண்டே வருடம். பதினொன்றாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் படித்தால்கூட, அது நெல்லூரோ ராயபுரமோ, அந்த உரிமை போய்விடும்.

பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 2021 சட்டத்தால் இதே 7.5 உண்டு. கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இதே அரசுப் பள்ளிப் படிப்புக்கு உண்டு.

நீட் பயிற்சி இல்லாமல் எப்படி என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. பள்ளியை மாற்றாமல் மாலையிலோ வார இறுதியிலோ பயிற்சிக்கு அனுப்புங்கள். அதனால் எந்த ஒதுக்கீடும் போகாது. அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அவள் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவில் பெயரோ வருடமோ தவறாக இருந்தால் அவள் பள்ளியில் இருக்கும்போதே திருத்திவிடலாம். கலந்தாய்வு நேரத்தில் அதற்கு அலைவது பெரும்பாடு.