வெளிநாடு போனால் சின்ன விஷயங்களின் அருமை ஏன் தெரிகிறது?

காரணம், பழகிப்போதல். தினமும் கிடைக்கும் வசதியை மூளை கவனிப்பதை விட்டுவிடும். மாற்றம் வந்தால்தான் விழித்துக்கொள்ளும். மின்விசிறியின் சத்தம் கரண்ட் போனதும்தானே உறைக்கிறது, அதுபோலத்தான்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டப்படியே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பால் தீர்ந்துவிட்டால் பெரிய ரயில் நிலையக் கடையையோ பெட்ரோல் பங்க்கையோ தேட வேண்டும். உணவகத்தில் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் பாட்டில்தான் வரும், அதற்கும் காசு. (தெளிவாகச் சொல்லாவிட்டால் சோடா போலக் கேஸ் நிரப்பியது வந்து சேரும்!) உட்கார்ந்ததுமே டம்ளரில் தண்ணீர் வைக்கும் நம்மூர் ஹோட்டல் அப்போதுதான் நினைவுக்கு வரும். ஊர் திரும்பினால்? கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிடும்.

வசதி குறைந்த நாட்டுக்குப் போனால்தான் இப்படித் தோன்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வித்தியாசம் இருந்தாலே போதும். சென்னைக்கு வரும் ஜெர்மானியரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க முடிகிற தன் வீட்டை நினைத்துக்கொள்வார்.