பெயரில் காடு இருக்கிறது, உறவு இல்லை

அன்புள்ள ஐயா,

மருத்துவமனைக் கோப்பு ஒன்றில் ‘உடல் பரப்பு: டுபாய்ஸ் சூத்திரம்’ என்று ஒரு வரி பார்த்தேன். இந்தப் பெயரை முன்பே எங்கெங்கோ கண்ட நினைவு வந்தது. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், ஜாவா மனிதனின் மண்டையோட்டைக் கண்டெடுத்த துபுவா, நம் ஊர்ச் சடங்குகளைப் பற்றி எழுதிய பாதிரியார் துபுவா. வரைபடத்தில் தேடினால் வயோமிங், ஐடஹோ, பென்சில்வேனியா மூன்றிலும் இந்தப் பெயரில் ஊர்கள். இந்தியானாவில் ஒரு மாவட்டமே இருக்கிறது. எல்லாம் ஒரே குடும்பமா? தமிழில் இந்தப் பெயரை எப்படி எழுதுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் தமிழர்களுக்குப் பிரான்சில் மூதாதையர் உண்டா? தேட வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர், காரைக்கால்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே குடும்பம் இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதர்களுக்குள் காட்ட முடியாத ரத்த உறவை அந்த ஊர்களில் சிலவற்றுக்குள் காட்டிவிடலாம்.

முதலில் பெயரைப் பிரித்துவிடுவோம். பிரெஞ்சில் ‘புவா’ என்றால் காடு, மரத்தோப்பு. முன்னால் நிற்கும் ‘து’ என்பது ‘த’, ‘ல’ என்ற இரண்டு சிறு சொற்கள் சேர்ந்து குறுகியது. காட்டைச் சேர்ந்தவர், காட்டோரத்துக்காரர் என்பதுதான் பொருள். நம் கிராமங்களில் ‘தோப்பு வீட்டார்’, ‘ஆலமரத்து வீட்டார்’ என்கிறோமே, அதே வகை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோப்பு வீட்டாரும் தேனிப் பக்கத்துத் தோப்பு வீட்டாரும் பங்காளிகள் என்று யாரும் பத்திரிகை அடித்துப் பந்தல் போடுவதில்லை. இடைக்காலப் பிரான்சில் ஒரே ஊரில் பத்து ழான்கள் இருந்தால், வரிக்கணக்கு எழுதுபவருக்கு ஒருவன் ஆற்றோரத்து ழான், இன்னொருவன் காட்டோரத்து ழான். காடு இல்லாத வட்டாரம் அங்கே குறைவு. அதனால் இந்தப் பெயர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இடங்களில் தனித்தனியே முளைத்தது. நார்மண்டியில் அதுவே துபோஸ்க், தெற்கே டெல்போஸ், ஃபிளெமிஷ் மொழியில் வான் டென் போஸ்க். ‘து’ இருப்பதால் பிரபுக் குடும்பம் என்று நினைப்பதும் தவறு. குடும்பச் சின்னம் பொறித்த கோப்பை விற்கிறவர்கள் பிழைப்பதே இந்த நினைப்பில்தான். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. ஒரு பெயருக்கென்று சின்னம் கிடையாது.

இனி நீங்கள் சொன்னவர்கள். பாதிரியார் ழான்-அந்த்வான் துபுவா தெற்குப் பிரான்சின் ஆர்தெஷ் பகுதியில் சேன்-ரெமெஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர், பிறப்பு 1766. பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபை அவரை 1792-ல் இந்தியாவுக்கு அனுப்பியது. புதுச்சேரியில் தொடங்கி, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு மைசூர்ப் பக்கம் போனார். அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கம்பெனி அரசு 2000 நட்சத்திர வராகன் (அக்காலப் பொற்காசு) கொடுத்து வாங்கியது. 1816-ல் ஆங்கிலத்தில் அச்சானது. 1823-ல் ஊர் திரும்பி 1848-ல் இறந்தார். துறவி என்பதால் அவர் வழி என்று வாரிசு தேட வேண்டிய வேலையும் இல்லை. (அந்தப் பிரதியின் பிந்தைய வடிவத்தை 1897-ல் பதிப்பித்தவர் பெயர் ஹென்றி பீச்சம். அதுவும் பிரெஞ்சுப் பெயர்தான். எழுத்தில் ‘போஷான்’, அழகிய வயல். இங்கிலாந்து போனதும் நாக்கில் பீச்சம் ஆகிவிட்டது.)

ஜாவா மனிதனின் துபுவா டச்சுக்காரர். எஷேன் துபுவா 1858-ல் எய்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். ஜாவாத் தீவின் டிரினிலில் 1891-ல் மண்டையோட்டின் மேற்பகுதியையும் மறு ஆண்டு தொடை எலும்பையும் எடுத்தார். டச்சு நாட்டில் பிரெஞ்சுப் பெயர் என்றாலே ஊகெனோக்கள், அதாவது மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடிவந்த பிரெஞ்சு சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அது பொருந்தாது. இவர் கத்தோலிக்கக் குடும்பம். எய்ஸ்டன் பெல்ஜிய எல்லையை ஒட்டியே இருக்கிறது, அந்தப் பக்கம் பிரெஞ்சு பேசும் ஊர்கள். இந்தப் பெயர் அங்கே வரக் கடல் தாண்டிய அகதிக் கதை எதுவும் தேவையில்லை.

ஊகெனோ கதை உண்மையில் பொருந்துவது லூயி துபுவாவுக்கு. வடபிரான்சின் லில் நகரை ஒட்டிய ஊரில் பிறந்து, ஜெர்மனியின் மன்ஹைம் வழியாக நியூயார்க் போனவர். 1677-ல் பன்னிரண்டு பேர் சேர்ந்து நிலப்பட்டா வாங்கி நியூ பால்ஸ் என்ற ஊரை அமைத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் லூயியும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். மன்ஹைம் இருந்த ஃபால்ஸ் நாட்டின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் (1868–1963) தன் மரபை இந்த நியூயார்க் ஊகெனோக்களோடு இணைத்தே எழுதினார். இடையில் அந்தக் கண்ணி போகும் வழி பஹாமாஸ். அவருடைய கொள்ளுத்தாத்தா, பஹாமாவில் நிலம் வைத்திருந்த வெள்ளையரான ஜேம்ஸ் டுபாய்ஸ். தாத்தா அலெக்சாண்டர் பஹாமாவில் பிறந்தவர், அப்பா ஆல்ஃபிரட் ஹெய்தியில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பத்தில் பிரெஞ்சுப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அந்தத் தீவுகளில் இருக்கிறது.

இனி ஊர்கள். இந்தியானாவின் டுபாய்ஸ் மாவட்டம் 1817-ல் அமைந்தது. பெயர் துசேன் துபுவாவுடையது. கனடாவிலிருந்து வந்து வின்சென்ஸ் நகரில் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர், 1811-ல் டிப்பக்கனூ சண்டையில் ஒற்றர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் தலைவர், 1816-ல் லிட்டில் வாபாஷ் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தவர். அவருடைய மகன் ஜெஸ்ஸி கே. டுபாய்ஸ், இல்லினாய்ஸ் மாநிலக் கணக்குத் தணிக்கையாளர், லிங்கனின் நண்பர். ஜெஸ்ஸியின் மகன் ஃபிரெட் டுபாய்ஸ் மேற்கே ஐடஹோவுக்குப் போய் அங்கிருந்து செனட்டர் ஆனார். ஐடஹோவில் கிளார்க் மாவட்டத் தலைநகருக்கு அவர் பெயர். வயோமிங்கில் ஊர்க்காரர்கள் ‘நெவர் ஸ்வெட்’, அதாவது ‘வியர்க்கவே வியர்க்காத ஊர்’ என்று வைக்கப் பார்த்தார்கள். அஞ்சல் துறை மறுத்துவிட்டு, ஐடஹோ செனட்டரின் பெயரைச் சூட்டியது. ஆக, இந்தியானா மாவட்டமும் மேற்கத்திய ஊர்கள் இரண்டும் தாத்தாவும் பேரனும். பென்சில்வேனியாவின் டுபாய்ஸ் இதில் சேராது. அது மர வியாபாரி ஜான் டுபாய்ஸின் பெயர். காட்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டு காட்டை அறுத்துப் பலகையாக்கிப் பணக்காரர் ஆனவர்.

மருத்துவமனைச் சூத்திரம் வேறு இருவருடையது. டெலஃபீல்ட் டுபாய்ஸ், யூஜின் டுபாய்ஸ் இருவரும் 1916-ல் வெளியிட்டது. எடையைக் கிலோவிலும் உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடுத்து, எடையின் 0.425 அடுக்கையும் உயரத்தின் 0.725 அடுக்கையும் பெருக்கி, அதை 0.007184-ஆல் பெருக்க வேண்டும். 60 கிலோ, 160 செ.மீ. உள்ளவருக்கு 1.62 சதுர மீட்டர் வரும். உயரத்தை மீட்டரில் 1.6 என்று போட்டால் 0.06 கூட வராது. அப்படி ஒரு விடை வந்தால் அலகில்தான் தவறு.

தமிழில் எழுதுவது பற்றி. ஒரு பெயருக்கு ஒரே தமிழ் வடிவம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அந்த ஆள், அந்த ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதலாம். பாதிரியாரும் எலும்பு எடுத்தவரும் துபுவா. அமெரிக்கச் சிந்தனையாளர் தன் பெயரைக் கடைசி அசையை அழுத்தி ‘டு பாய்ஸ்’ என்றே சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவரைத் துபுவா ஆக்குவது பிரெஞ்சு தெரிந்த பெருமைக்கு உதவும், அவருக்கு மரியாதை ஆகாது. அமெரிக்க ஊர்களும் டுபாய்ஸ்தான். பிரெஞ்சு முதல் உயிரொலி ‘உ’வுக்கும் ‘இ’க்கும் இடைப்பட்டது, நமக்கு எழுத்தில்லை. புதுச்சேரி ஆளுநர் பெயரைத் துய்ப்ளே என்று எழுதுகிற வழக்கத்தைப் பின்பற்றினால் ‘துய்புவா’ எனலாம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

தேடுவது பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பிரான்சில் நாடு முழுவதற்குமான ஒரே பேரேடு கிடையாது. பதிவு எல்லாம் கம்யூன் வாரியாக, அதாவது ஊர் வாரியாக. ஊர் தெரியாமல் துபுவா என்று தேடுவது மதுரையில் முருகனைத் தேடுவது போல. முதல் வேலை ஊரைக் கண்டுபிடிப்பது. அதற்கு ஏற்றது திருமணப் பதிவு. 1792 செப்டம்பர் 20 சட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்ட குடிமைப் பதிவுகளில் மணமக்கள் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் இருக்கும். அங்கிருந்து பிறப்புப் பதிவு, அதிலுள்ள பெற்றோரின் திருமணம் என்று படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். 1897-க்குப் பிந்தைய பிறப்புப் பதிவென்றால் ஓரத்தைப் பாருங்கள், திருமணக் குறிப்பு அங்கே இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரித்த அகரவரிசைப் பட்டியல்கள் உண்டு. அவற்றை முதலில் புரட்டினால் பக்கம் பக்கமாகத் தேடும் வேலை மிச்சம்.

1792-க்கு முன்னால் என்றால் பங்குக் கோவில் பதிவேடுகள். 1667 முதல் இரண்டு பிரதிகள் எழுதச் சட்டம் இருந்ததால், ஒன்று கரையான் அரித்திருந்தாலும் மற்றொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. மாவட்ட ஆவணக் காப்பகங்கள் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பாரீஸ் மட்டும் விதிவிலக்கு. 1871 மே மாதத் தீயில் 1860-க்கு முந்தைய பதிவுகளின் இரண்டு பிரதிகளும் எரிந்தன, ஒரு பகுதியைத்தான் மீட்டு எழுத முடிந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பமென்றால் 1685-க்கும் 1787-க்கும் இடையில் நூல் அறுந்துபோவது சாதாரணம். அந்த நூறாண்டும் அவர்களுக்குச் சட்டப்படி பதிவே இல்லை.

பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த காலண்டரில் அடிக்கடி தடுக்கி விழுவார்கள். ‘ஆண்டு 8’ என்று இருந்தால் 1808 என்று குறித்துவிடுகிறார்கள். அது 1799 செப்டம்பரில் தொடங்கி 1800 செப்டம்பரில் முடிகிற ஆண்டு. அந்தக் காலண்டர் 1805 டிசம்பரோடு முடிந்தது. அடுத்தது, ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் நான்கு ழான் துபுவா இருப்பார்கள். அவர்களைப் பிரிக்க மனைவியின் பெயரைப் பிடியுங்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்ணுக்குத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயர்தான் எழுதுவார்கள். கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே தேடினால் பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்கப் பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடினால் ‘சவுண்டெக்ஸ்’ குறியீடு வரும். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டு, மெய்களுக்கு எண் கொடுக்கும் முறை. டுபாய்ஸ் ‘டி-120’. துபோஸ்க் திரிந்த டுபோஸும் அதே. தொல்லை என்னவென்றால் டேவிஸும் ‘டி-120’தான். அட்டைகள் குறியீட்டுக்குள் முதற்பெயர் வரிசையில் அடுக்கியிருப்பதால், ஆயிரம் ஜான் டேவிஸ்களுக்கு நடுவில் உங்கள் ஜான் டுபாய்ஸ் ஒளிந்திருப்பார். ‘டு’வை இடம் விட்டு எழுதிய எழுத்தர்கள் சிலர் ‘பி-200’-க்குக் கீழே போட்டிருப்பார்கள். அங்கேயும் பாருங்கள்.

கடைசியாக உங்கள் ஊர். பிரெஞ்சிந்தியாவில் 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்தியர்கள் தங்கள் சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழி செய்தது. துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், சந்ததிக்கும் தொடரும்படி ஒரு பெயரை அவர்கள் அப்போது தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். பலர் பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தார்கள். இந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் ‘லா போர்த்’, வாசல். இந்தியானாவிலும் டெக்சாஸிலும் லா போர்ட் என்ற ஊர்கள் இருக்கின்றன. அவை யாருடைய குடும்பப் பெயரும் இல்லை. இந்தியானாவில் காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையே இருந்த திறப்புதான் அந்த வாசல்.

ஆகவே காரைக்காலிலோ புதுச்சேரியிலோ ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் இருந்தால், பிரான்சின் வரைபடத்தை விரிப்பதற்கு முன் அந்தத் துறப்புப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். 1881-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கலாம். காலனிகளின் குடிமைப் பதிவுகளுக்கு 1776 முதலே பிரான்சுக்கு ஒரு பிரதி போயிருக்கிறது. அவை இப்போது எக்ஸ்-அன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதியை இணையத்திலேயே புரட்டலாம். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி தமிழ்ப் பெயரை எழுதியிருப்பார். ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் ஓ-யு என்று இரண்டு எழுத்துகள் நிற்கும், ‘சு’ வரும் இடத்தில் எஸ்-ஓ-யு இருக்கும். தாத்தாவின் பெயரை நான்கைந்து விதமாக எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள்.