டாட்ரின்னா வெறும் சீப்பா?

கேள்வி: இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு கல்யாண மண்டப டெக்கரேஷனை 'டாட்ரி'ன்னு (tawdry) எழுதியிருந்தாங்க. சீப்னு அர்த்தமா? எங்கேர்ந்து வந்த வார்த்தை?
- வாசகி, மந்தைவெளி

பதில்: விலை கம்மிங்கறது மட்டும் இல்லைங்க. தூரத்துலேர்ந்து பளபளன்னு பெரிய சரக்கு மாதிரி காட்டிக்கும், கிட்ட போனா தரமே இருக்காது, அதுதான் டாட்ரி.

பொறந்த கதை பாவமான கதை. ஏழாம் நூற்றாண்டுல இங்கிலாந்துல எத்தல்த்ரித்னு ஒரு ராணி, பட்டத்தை விட்டுட்டு கன்னியாஸ்திரி ஆகி, 673ல கேம்பிரிட்ஜ் பக்கம் ஈலிங்கற ஊர்ல மடம் கட்டினாங்க. 679ல இறந்துபோனாங்க, அப்ப கழுத்துல பெரிய கட்டி. சின்ன வயசுல கழுத்துல நகை போட்டு மினுக்கினதுக்குத்தான் இந்தக் கட்டின்னு அவங்களே சொன்னதா பீட்ங்கற துறவி, 731ல முடிச்ச வரலாற்றுல எழுதியிருக்கார்.

அந்த நீளமான பேரு ஜனங்க வாயில தேஞ்சு ஆட்ரி ஆச்சு (நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பேரும் இதேதான்). அக்டோபர் 17 அவங்க திருநாளுக்கு ஈலில சந்தை கூடும், அங்க கழுத்துல கட்டிக்கற பட்டு நாடா விப்பாங்க, செயின்ட் ஆட்ரி லேஸ்னு பேரு, வேகமா சொல்லச் சொல்ல செயின்ட்டோட கடைசி 'ட்' அடுத்த பேர்ல ஒட்டிக்கிட்டு டாட்ரி லேஸ் ஆயிடுச்சு. ஷேக்ஸ்பியரோட வின்டர்ஸ் டேல் நாடகத்துல ஒரு கிராமத்துப் பொண்ணு, டாட்ரி லேஸ் வாங்கித் தரேன்னியேன்னு ஒருத்தன்கிட்ட கேப்பா. அப்ப அது ஆசைப்பட்டு கேக்கற பொருள். அப்புறம் மட்டமான சரக்கு நெறைய வந்து, பதினேழாம் நூற்றாண்டுலயே அர்த்தம் கீழ எறங்கிடுச்சு. நகையே வேணாம்னு ஒதுங்கின அம்மா பேரு போலி மினுக்குக்குப் போய் ஒட்டிக்கிச்சே, எனக்கு இது ரொம்ப அநியாயமா படுது.

போலி எல்லாமே டாட்ரி இல்ல, இதை நல்லா கவனிங்க. மயிலாப்பூர்ல பரதநாட்டியத்துக்கு வாங்கற கெம்புக்கல் செட்டு தங்கம் இல்லதான், ஆனா கல்லை ஒவ்வொண்ணா பதிச்சு பின்பக்கம் கூட பிசிறு இல்லாம செஞ்சிருப்பாங்க, அதைப் போய் டாட்ரின்னா பாவம். கல்லோரத்துல கோந்து வழிஞ்சு காஞ்சு, கொக்கிகிட்ட முலாம் உரிஞ்சு செம்பு தெரியுமே ஒரு நெக்லஸ், அதை தாராளமா சொல்லலாம். அசிங்கமான கள்ளத்தொடர்பு, பேரம் மாதிரி விஷயங்களுக்கும் இந்த வார்த்தையைப் போடுவாங்க.

அதனால நீங்க படிச்சது செலவைப் பத்தின குறை இல்ல, லட்சக்கணக்குல கொட்டின டெக்கரேஷனும் டாட்ரியா இருக்கலாம். கல்யாண வீட்டுக்காரங்க காதுல மட்டும் போட்டுடாதீங்க, நல்லா சுருக்குனு குத்தற வார்த்தை.