மாத்திரை முடித்த பிறகும் ஆன்ட்டி-எச்சிவி பாசிட்டிவ்: நோய் திரும்பிவிட்டதா?

உங்கள் அப்பாவுக்கு ஆன்ட்டி-எச்சிவி (எச்சிவி என்பது ஹெபடைட்டிஸ் சி வைரஸ்) பாசிட்டிவ் வந்திருக்கிறதே, நோய் திரும்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அவருக்கு ஹெபடைட்டிஸ் சி திரும்பிவிட்டது என்று சொல்லவே முடியாது. இரண்டு வருடம் முன்பு சோபோஸ்புவிர் (இந்த வைரஸை ஒழிக்கும் மாத்திரை) கோர்ஸ் முடித்தவருக்கு, கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் ஆன்ட்டி-எச்சிவி பாசிட்டிவ் வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அந்த டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறது. வைரஸ் போன பிறகும் ஆன்டிபாடி பல வருடம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, ரத்தத்தில் இருக்கும். டெஸ்ட் கார்டில் பாசிட்டிவைக் காட்டும் 'டி' கோடு எவ்வளவு அழுத்தமாக விழுந்தாலும் சரி, இப்போது வைரஸ் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஈறைத் துடைத்து எடுத்துச் செய்யும் எச்சில் டெஸ்டும் இதே வகைதான்.

1. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த எச்சிவி ஆர்என்ஏ (வைரஸையே நேரடியாகத் தேடும் டெஸ்ட்) ரிப்போர்ட் பழைய ஃபைலில் இருக்கிறதா பாருங்கள். அதில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தால் அவர் அப்போதே குணமாகிவிட்டார்.

2. கிடைக்கவில்லையென்றால் இப்போது ஒரு ஆர்என்ஏ பிசிஆர் எடுங்கள். அதைக் கண் டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஒன்று கவனம். இந்த ஆன்டிபாடி மறுபடி தொற்றாமல் காக்காது. இடையில் டயாலிசிஸ் செய்திருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ பழைய ரிப்போர்ட் போதாது, புதிதாக எடுத்தே ஆக வேண்டும். அப்புறம், அவருக்கு முன்பே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை) இருந்திருந்தால், வைரஸ் போனாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் வரும் அபாயம் குறையுமே தவிர முழுதாகப் போகாது.