புடாபெஸ்ட்டில் விடிகாலை ஐந்தே முக்கால்

கேள்வி: கையில் அதிகக் காசில்லாமல், முன்பின் தெரியாத ஐரோப்பிய நகரம் ஒன்றில் முதன்முதலாகப் போய் இறங்கியபோது எப்படி இருந்தது? பயமாக இல்லையா?

பயம் வந்தது. இருட்டைப் பார்த்தோ ஆளைப் பார்த்தோ இல்லை, ஒரு ஏடிஎம்மைப் பார்த்து.

2017 மார்ச். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க்கில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன், வயது 23. மாணவர் விசாவுக்காக வங்கியில் முடக்கிவைக்க வேண்டிய பணம் அப்போது ஆண்டுக்கு 8,640 யூரோ. அதிலிருந்து மாதம் 720தான் எடுக்க முடியும். வாடகை, காப்பீடு, அரிசி, பருப்பு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஊர் சுற்ற வேண்டும். செமஸ்டர் விடுமுறைக்குக் கூடப் படித்த பையன்கள் பாரிஸ் கிளம்பினார்கள். எனக்குக் கட்டுப்படியாகிற ஊர் எது என்று சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "கிழக்க போடா, புடாபெஸ்ட் போ" என்றார். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

மியூனிக்கிலிருந்து இரவுப் பேருந்து. ராத்திரி பஸ் ஏறினால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்ற கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே எத்தனை ராத்திரிகளைக் கழித்திருப்போம்! ஆனால் சென்னையில் விடிகாலை கோயம்பேட்டில் இறங்கினால் ஆட்டோ பிடித்துப் போக அத்தை வீடு இருந்தது. அங்கே விடுதியில் கட்டில் கிடைப்பது மதியம் இரண்டு மணிக்கு. பேருந்து நேப்லிகெட் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது மணி ஐந்தே முக்கால். நடுவில் இருந்த எட்டே கால் மணி நேரம் என் கணக்கில் வரவே இல்லை.

குளிர் எலும்பில் இறங்கியது. ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது, ஃபோரின்ட். அப்போது ஒரு யூரோவுக்குச் சுமார் 310 ஃபோரின்ட். மூன்று நாளைக்கு 15,000 போதும் என்று பேருந்திலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஏடிஎம் திரையில் வரிசையாகப் பெரிய பெரிய எண்கள். தூக்கக் கலக்கத்தில் பூஜ்யங்களை எண்ணி, சரியாகத்தான் இருக்கிறது என்று தட்டினேன். யூரோவிலேயே கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டது. வேண்டாம் என்றேன். எந்த ஊரானாலும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடு, இல்லையென்றால் அவர்கள் வைத்ததுதான் விலை என்று சீனியர் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் மட்டும் உஷாராக இருந்தேன். வெளியே வந்த கட்டைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 15,000 இல்லை, 1,50,000. ஏறக்குறைய 480 யூரோ. கணக்கில் இருந்ததே ஐந்நூற்றுச் சொச்சம்தான்.

அந்த ஐந்து நிமிடம் நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. நோட்டுகளைச் சுருட்டிக் காலுறைக்குள் திணித்துக்கொண்டேன். மெட்ரோ ரயிலில் திருடர்கள் நிறைய என்று இணையத்தில் படித்தது அப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்? ரோமிங்கில் காசு போகும் என்று டேட்டாவையும் அணைத்து வைத்திருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணத்தை எடுத்தது அதே ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, எனக்கு மூன்று மாதம் லேட். முதல் நாளே வரைபடத்தை இறக்கி வைத்திருந்ததால் வழி தெரிந்தது.

20,000 ஃபோரின்ட் நோட்டை வைத்துக்கொண்டு விடிகாலையில் யாரிடம் போவது? சுரங்கப்பாதையில் ஒரு ரொட்டிக் கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மா நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு சில்லறை எண்ணித் தந்தார். அங்கே வாங்கியது பொகாச்சா, கைக்கடக்கமான உப்பு பன். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஷய்தோஷ்' என்று கேளுங்கள், சீஸ் போட்டது. 'தெபர்த்யூஷ்' என்று எழுதியிருந்தால் அதில் பன்றிக்கொழுப்பு வறுவல் இருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சூடாக இரண்டு உள்ளே போனதும்தான் மூச்சு சீரானது.

350 ஃபோரின்ட் கொடுத்து மெட்ரோ டிக்கெட் வாங்கியாயிற்று. தடுப்புக் கதவே இல்லை. பரவாயில்லையே என்று நேராக ரயில் மேடையை நோக்கி நடந்தால், கையில் பட்டை கட்டிய பரிசோதகர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். டிக்கெட்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எனக்குப் பின்னால் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, அந்தப் பெட்டியில் செருகி நேர முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே பிடிபட்டிருந்தால் 8,000 ஃபோரின்ட் அபராதம், என் மூன்று நாள் செலவில் பாதிக்கு மேல். இப்போது அலைபேசிச் செயலியிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் முத்திரை குத்தும் வழக்கம் பல ஐரோப்பிய நகரங்களில் இன்னும் உண்டு, போன இடத்தில் முதல் வேலையாக விசாரித்துவிடுங்கள். நகர நடுவில் உள்ள ஆழமான மெட்ரோ நிலையங்களின் எஸ்கலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: கிணறு மாதிரி இறங்குகிறது, வேகமும் அதிகம். முதுகு மூட்டையோடு ஏறுகிறவர்கள் கைப்பிடியை விட வேண்டாம்.

விடுதி ஏழாவது மாவட்டத்தில், பழைய யூதர் குடியிருப்புப் பகுதி. தெருவும் எண்ணும் சரி, பெயர்ப்பலகைதான் இல்லை. மூன்று முறை நடந்த பிறகு, கதவோரம் அழைப்புமணிப் பொத்தான்களுக்கு நடுவே விரல் அகலத்தில் விடுதியின் பெயர் தெரிந்தது. உள்ளே போனால் நடுவில் முற்றம், சுற்றிலும் ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கம்பி போட்ட நடைபாதை, அதை ஒட்டி வீடுகளின் கதவுகள். திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய ஸ்டோர் வீடுகளை நான்கு மாடிக்கு உயர்த்திக் கட்டியது போல இருந்தது. வரவேற்பில் இருந்த பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே, கட்டில் இரண்டு மணிக்குத்தான், பையை வைத்துவிட்டுப் போகலாம் என்றான். பெரும்பாலான விடுதிகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை. கேட்காமல் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறவர்களைப் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன்.

அங்கே வைஃபை கிடைத்ததும் அம்மா கூப்பிட்டாள். அவளுக்கு மணி பதினொன்றரை.

"எங்கடா இருக்க? சாப்ட்டியா?"

"ரூம்லதாம்மா. சாப்ட்டேன்."

பாதி உண்மை.

பிறகு ஆற்றங்கரைக்கு நடந்தேன். நான் படித்த ஊர் வழியாகவும் இதே டான்யூப்தான் ஓடுகிறது. ரேகன்ஸ்பர்க்கில் அதன் மேலுள்ள பழைய கல்பாலத்தைப் பேசிக்கொண்டே கடந்துவிடலாம். இங்கே வந்து பார்த்தால், ஒகேனக்கல்லில் ஒடுங்கி வரும் காவிரி முசிறிப் பக்கம் அகண்ட காவிரி ஆகிறதே, அப்படி விரிந்து கிடந்தது. நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கரையில் இரும்பில் வார்த்த காலணிகள், அறுபது ஜோடி. 1944-45இல் யூதர்களை இங்கே கொண்டுவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். சுட்டது ஹங்கேரியின் சொந்த நாஜி ஆதரவுக் கட்சிக்காரர்கள். காலணிக்கு விலை உண்டல்லவா? நினைவுச்சின்னம் வைத்தது 2005இல். அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு குழந்தைச் செருப்பு இருந்தது. காலுறைக்குள் நோட்டுக்கட்டு உறுத்திக்கொண்டிருந்ததை அங்கே நின்றபோதுதான் மறந்தேன்.

சங்கிலிப் பாலத்தருகே இரண்டாம் எண் டிராம் ஏறினேன். அதன் முகப்பில் இரண்டு சின்னக் கொடிகள், சிவப்பு, வெள்ளை, பச்சை. யாரோ மந்திரி வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். என் திட்டம் எளிது: 1897இல் திறந்த பெரிய மார்க்கெட்டுக்குப் போவது, மாடியில் லாங்கோஷ் சாப்பிடுவது. நம்ம ஊர் பட்டூராவைத் தட்டையாக்கி மேலே புளித்த கிரீமும் சீஸும் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த கடைகளும் அப்படியே. புதன்கிழமை காலையில் ஏன் ஊரே மூடியிருக்கிறது? எதிரில் வந்த தாத்தாவின் கோட்டில் மூவண்ண ரிப்பன் பூ. தள்ளுவண்டியில் போன கைக்குழந்தையின் சட்டையிலும் அதே பூ.

அவர்கள் போன பக்கமே போனேன். பத்து நிமிடத்தில் தேசிய அருங்காட்சியகம், தோட்டம் முழுக்கக் கூட்டம். பக்கத்தில் நின்ற பாட்டியிடம் உடைந்த ஜெர்மனில் கேட்டேன், அவரும் உடைந்த ஜெர்மனில் "நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு" என்றார். 1848 மார்ச் 15, ஆஸ்திரியாவின் ஹப்ஸ்பர்க் அரச குடும்ப ஆட்சிக்கு எதிரான புரட்சி தொடங்கிய நாள். பெத்தோஃபி ஷாந்தோர் என்ற கவிஞர் எழுதிய 'தேசியப் பாடல்' என்ற கவிதையையும் புரட்சியாளர்களின் பன்னிரண்டு கோரிக்கைகளையும் அன்று தணிக்கைக்குக் காட்டாமலே அச்சிட்டார்கள். அவர் இந்த அருங்காட்சியகப் படிகளில் நின்று அதை வாசித்தார் என்பது ஊர் நம்பிக்கை, வரலாற்றாசிரியர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அப்போது அவருக்கு 25 வயது. மறு ஆண்டே போர்க்களத்தில் காணாமல் போனார். நான் வரைபடத்தைத் தெருத்தெருவாகப் படித்திருந்தேன், நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அதில் ஒரு லாபமும் இருந்தது: தேசிய விழா என்பதால் அன்று அருங்காட்சியகம் இலவசம். உள்ளே கதகதப்பு, பெஞ்சு, சுத்தமான கழிப்பறை. இரவுப் பேருந்தில் வந்தவனுக்கு வேறு என்ன வேண்டும்?

வெளியே வரும்போது பின்னாலிருந்து ஒரு சிறுவன் "அபா! அபா!" என்று கத்தினான். சட்டென்று திரும்பிவிட்டேன். ஹங்கேரிய மொழியில் அப்பாவுக்கு 'அபா'தான். அவர்களும் நம்மைப் போல ஒட்டு ஒட்டாகச் சேர்த்துப் பேசுகிறவர்கள்: 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' வீட்டில், 'ஹாஸ்போல்' வீட்டிலிருந்து. பெயரிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம்ம இனிஷியல் மாதிரி. உடனே யாரும் அது தமிழிலிருந்து போன மொழி என்று பின்னூட்டத்தில் கிளம்ப வேண்டாம். அதற்கு உறவு ஃபின்லாந்து, எஸ்டோனியா பக்கம்.

பயணம் முடிந்து கிளம்பும்போது மிச்ச ஃபோரின்டை யூரோவாக மாற்றியதில் இருபது யூரோவுக்கு மேல் போயிற்று. ரூம் வாடகை மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாகிவிட்டது. திரும்பும் வழியில் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும்போது நடு இரவில் போலீஸ் ஏறி எல்லோரையும் எழுப்பினார்கள். எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்தானே என்று பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நகல் செல்லாது.

முதல் நாளுக்கு வருகிறேன். சரியாக இரண்டு மணிக்கு விடுதிக்குப் போய்க் கட்டிலை வாங்கினேன். ஒரு மணி நேரம் படுத்துவிட்டு விழாவைப் பார்க்கப் போகலாம் என்று நினைத்தேன். கண் விழித்தபோது இரவு ஒன்பதரை. எதிர்க் கட்டில்காரன் காலணியைக் கழற்றிக்கொண்டே, வாணவேடிக்கை பார்க்கவா வந்தாய், அது ஆகஸ்ட் 20 அல்லவா என்றான்.