வாசகர் கேள்வி–பதில்: குவிந்து கிடக்கும் யாங் மாட்யூல்களில் வேண்டியதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ரவுட்டர்களின் யாங் மாட்யூல்கள் (சாதனத்தில் எதையெல்லாம் அமைக்கலாம், பார்க்கலாம் என்று யாங் மொழியில் விவரிக்கும் ஃபைல்கள்) சில நூறு ஆகிவிட்டன. ரவுட்டிங், செக்யூரிட்டி, ஹார்டுவேர் என ஃபோல்டர் பிரித்தோம். ஒரே மாட்யூல் இரண்டு ஃபோல்டருக்குப் பொருந்துவதால் நகல் எடுத்து வைத்தோம்; இப்போது பழைய ரிவிஷனும் (பதிப்பும்) புதியதும் கலந்து கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

முதலில் ஃபோல்டர் பிரிப்பைக் கைவிடுங்கள். ஒரு ஃபைல் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். ஒரு மாட்யூலோ மூன்று வகைகளில் சேரக்கூடும். நகல் எடுக்கத் தூண்டியது இந்த முரண்பாடுதான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஃபைல் பெயரில் மாட்யூல் பெயர், அட் குறி (@), ரிவிஷன் தேதி மூன்றும் இருக்கட்டும். தேதி ஏன் முக்கியம் என்பதற்கு இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ‘ஐஇடிஎஃப்-இன்டர்ஃபேசஸ்’ மாட்யூல் (சாதனத்தின் இணைப்பு முனைகளை விவரிப்பது) நல்ல உதாரணம். 2014-05-08 ரிவிஷனில் இயக்க நிலைத் தகவல்கள் ‘இன்டர்ஃபேசஸ்-ஸ்டேட்’ என்ற தனிக் கிளையில் இருந்தன. 2018-02-20 ரிவிஷனில் அவை ‘இன்டர்ஃபேசஸ்’ கிளைக்குள்ளேயே வந்துவிட்டன. பழைய கிளை ‘டெப்ரிகேட்டட்’ (இனிப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டியது) என்று அறிவிக்கப்பட்டது. தேதியில்லாமல் சேமித்தால், கவுன்ட்டர்களை (எவ்வளவு தரவு போய்வந்தது போன்ற எண்ணிக்கைகளை) எந்தக் கிளையில் படிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

வகைப்படுத்தும் வேலையை டேக்கிடம் (மாட்யூலுக்கு ஒட்டும் அடையாளச் சொல்லிடம்) விடுங்கள். 2021-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 8819 என்ற ஐஇடிஎஃப் தர ஆவணம் இதற்கென்றே எழுதப்பட்டது. அதன் ‘ஐஇடிஎஃப்-மாட்யூல்-டேக்ஸ்’ மாட்யூலில் ஒவ்வொரு மாட்யூல் பெயருக்கும் எதிரே எத்தனை டேக் வேண்டுமானாலும் வைக்கலாம். டேக்கின் முன்னொட்டைப் பார்த்தால் அது யாருடையது என்று தெரியும்: ‘ஐஇடிஎஃப்:’ தரப்படுத்தியது, ‘வெண்டர்:’ தயாரிப்பாளருடையது, ‘யூசர்:’ உங்களுடையது. ‘யூசர்:’ கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள், பெயர் மோதல் வராது. பிடிக்காத டேக் ஒன்று தயாரிப்பிலேயே வந்திருந்தால், அதை ‘மாஸ்க்டு-டேக்’ பட்டியலில் எழுதினால் போதும், மறைந்துவிடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரன்னிங் கான்ஃபிகரேஷனை (சாதனத்தில் நீங்கள் அமைத்தவற்றின் தொகுப்பை) படித்தால் நீங்கள் சேர்த்த டேக்குகள் மட்டுமே வரும். மாட்யூலை எழுதியவரும் தயாரிப்பாளரும் இட்ட டேக்குகளையும் பார்க்க ஆபரேஷனல் டேட்டாஸ்டோரை (சாதனம் உண்மையில் பயன்படுத்தும் மதிப்புகளின் தொகுப்பை) படிக்க வேண்டும். இன்னொன்று, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் டேக் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒருவர் பெரிய எழுத்திலும் மற்றவர் சிறிய எழுத்திலும் தொடங்கினால் அவை இரண்டு டேக்குகள். அனுமதிக்கப்பட்ட டேக்குகளை முதலில் எழுதி, குழு ஒப்புக்கொண்ட பிறகே சாதனத்தில் ஏற்றுங்கள். இருபதுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது என்பது எங்கள் கருத்து.

சாதனத்தில் ‘ஐஇடிஎஃப்-மாட்யூல்-டேக்ஸ்’ மாட்யூல் இல்லையென்றாலும் இதே அமைப்பில் ஒரு ஜேசன் (தரவை எழுதும் உரை வடிவம்) ஃபைலை உங்கள் கிட் களஞ்சியத்தில் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் இடத்தில்) வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் ஆதரவு வரும்போது அப்படியே ஏற்றிவிடலாம்.

கேள்வி: நெட்கான்ஃப் (சாதனத்தைத் தொலைவிலிருந்து அமைக்கும் நெறிமுறை) இணைப்பின் தொடக்க ஹலோ செய்தியில் வரும் மாட்யூல் பட்டியலை முழுமையானதாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. யாங் மொழியின் 1.1 பதிப்பில் எழுதிய மாட்யூல்கள் அந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு யாங் லைப்ரரியைத்தான் (சாதனம் தன் மாட்யூல்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் இடத்தைத்தான்) கேட்க வேண்டும். பழைய வடிவம் ஆர்.எஃப்.சி. 7895, 2019 முதல் ஆர்.எஃப்.சி. 8525. புதியதில் ‘கன்டென்ட்-ஐடி’ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. அதைச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை இணையும்போது மதிப்பு மாறியிருந்தால் மட்டும் முழுப் பட்டியலையும் மறுபடி இறக்கினால் போதும். சாஃப்ட்வேர் அப்கிரேடுக்குப் பிறகு இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

லைப்ரரியில் ‘இம்போர்ட்-ஒன்லி’ என்று தனியாக வரும் மாட்யூல்களுக்கு டேக் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றின் டைப்புகளையும் (தரவு வகைகள்) க்ரூப்பிங்குகளையும் (மறுபடி பயன்படுத்தும் தொகுப்புகள்) மற்ற மாட்யூல்கள் எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவே. கான்ஃபிகர் செய்ய அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு மாட்யூலின் பல ரிவிஷன்கள் இம்போர்ட்-ஒன்லியாக இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்கீமாவில் (மாட்யூல்கள் சேர்ந்து உருவாக்கும் தரவு அமைப்பில்) செயல்படுத்தப்படுவது ஒரே ரிவிஷன்தான்.

கேள்வி: ‘ஐஇடிஎஃப்-இன்டர்ஃபேசஸ்’ ஃபைலை முழுக்கப் படித்தும் ஐபி முகவரி எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த ஃபைலில் இருக்கவே இருக்காது. ‘ஐஇடிஎஃப்-ஐபி’ மாட்யூல் வெளியிலிருந்து ஆக்மென்ட் செய்து (இன்னொரு மாட்யூலின் கிளைக்குள் தன் பகுதியை ஒட்டி) ‘ஐபிவி4’, ‘ஐபிவி6’ கிளைகளைச் சேர்க்கிறது. தன்னை யார் ஆக்மென்ட் செய்கிறார்கள் என்பது மூல மாட்யூலுக்குத் தெரியாது. அந்தத் தொடர்பு ஒரு திசையில்தான் ஓடுகிறது. யாங்கில் தொடர்புள்ளவற்றைத் தேடுவது கடினமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இது.

யாங் ஃபைல்களைச் சரிபார்த்துக் காட்டும் பையாங் டூலில் ட்ரீ (மரம் போன்ற) வடிவத்தைக் கேட்டு, இரண்டு ஃபைல்களையும் ஒரே கமாண்டில் கொடுங்கள். ‘ஐபி:’ முன்னொட்டோடு அந்தக் கிளைகள் இன்டர்ஃபேஸுக்கு அடியில் தோன்றும். ‘ஐஇடிஎஃப்-ஐபி’யை மட்டும் கொடுத்தால் தனி ஆக்மென்ட் துண்டாகத்தான் வரும். வேறு யாரெல்லாம் ஆக்மென்ட் செய்கிறார்கள் என்று அறிய, எல்லா ஃபைல்களிலும் ஆக்மென்ட் வரிகளை கிரெப் செய்து (உரை தேடும் கமாண்டால் தேடி), கிடைத்த மாட்யூல்களுக்கெல்லாம் ஒரே ‘யூசர்:’ டேக் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லா மாட்யூல்களையும் ‘டிவைஸ்’ என்ற ஒரே வேரின் கீழ் கொண்டுவந்தால் தேடல் எளிதாகாதா?

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யாங்கில் பாதைதான் முகவரி. ஆக்மென்ட், லீஃப்ரெஃப் (வேறோர் இடத்து மதிப்பைச் சுட்டுவது), எக்ஸ்பாத் (பாதை எழுதும் மொழி) நிபந்தனைகள், நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாமே அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நாளை ஒரு மாட்யூலின் வகையை மாற்ற நினைத்தால் அத்தனையும் உடையும். டேக்கை மாற்றினால் எந்தப் பாதையும் நகராது.